பித்தும் பேயும்: தமிழ்ச் சிறுகதையில் நிலைகுலைந்த கதைசொல்லி

ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவர் எழுந்து உட்கார்ந்து, வாசலில் யாரோ தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதாகச் சொன்னால், மேற்குமலை அடிவாரத்து ஊர்களில் அவருக்கு மூன்று பதிலாவது கிடைக்கும். "காத்துக் கருப்பு அண்டியிருக்கும், கோடாங்கியைக் கூப்பிடுங்க" என்பார் அப்பத்தா. "குலசாமிக்கு ஏதோ குறை வச்சிருக்கோம், அதான் கூப்பிடுது" என்பார் பெரியப்பா. "மதுரைக்குக் கூட்டிட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டலாம்" என்பாள் கல்லூரியில் படிக்கும் தங்கை. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இந்த மூன்றும் ஒரே வீட்டில் ஒரே வாரத்தில் நடக்கும். நெற்றியில் திருநீற்றோடு மாத்திரையை விழுங்குவதில் யாருக்கும் முரண்பாடு தெரிவதில்லை.

அந்தத் தங்கை ஆங்கில இலக்கியம் படிப்பவளாக இருந்தால் எட்கர் ஆலன் போவைப் படித்திருப்பாள். 1843-இல் வெளிவந்த அவருடைய இதயத்துடிப்புக் கதையில், கிழவர் ஒருவரைக் கொன்று தரைப்பலகைக்குக் கீழே புதைத்தவன் தானே கதையைச் சொல்கிறான். தனக்குப் பைத்தியம் இல்லை என்பதை நிரூபிப்பதுதான் அவன் நோக்கம். நிரூபிக்க நிரூபிக்கப் பைத்தியம் வெளியே தெரிகிறது. சொன்னதையே திரும்பச் சொல்கிறான். வாக்கியங்கள் மூச்சிரைத்து உடைகின்றன. காது எல்லை மீறிக் கூர்மையாகிறது. கிழவரின் ஒற்றைக் கண் அவன் உலகத்தையே அடைத்துக்கொள்கிறது. வகுப்பறையில் இவற்றைப் பட்டியலாக எழுதிப் போடுவார்கள். 1961-இல் வேய்ன் பூத் கொடுத்த 'நம்பகமற்ற கதைசொல்லி' என்ற பெயரும் பட்டியலின் தலைப்பாக வந்துவிடும். தேர்வுக்கு இது போதும். இந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு தமிழ்ப் பேய்க்கதைகளுக்குள் போனால் பாதி வழியில் நின்றுவிடுகிறோம் என்பதுதான் என் வாதம். போவின் கதையில் கொலைகாரனுக்கும் வாசகனுக்கும் இடையே வேறு யாரும் இல்லை. நம் கதைகளில் வீடு நிறைய ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேயோடு பழகியவர்கள். சொல்பவன் எந்த அளவுக்குக் கலங்கியிருக்கிறான் என்பதை அவனுடைய பேச்சைவிட, பக்கத்தில் இருப்பவர்களின் நிதானம்தான் அதிகம் காட்டிக்கொடுக்கிறது.

தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் அச்சத்துக்கு நான்கு ஊற்றுகளைச் சொல்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், அரசன். நான்கும் வெளியே இருப்பவை. தன் மனமே தனக்கு அச்சம் தருவது அந்தக் கணக்கில் இல்லை. இதை வைத்துச் சங்க காலத்தவர்க்கு அகக்கலக்கம் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. வெறியாட்டுத் துறைப் பாடல்கள் இருக்கின்றன. மகள் மெலிகிறாள், தூங்குவதில்லை. முருகு அணங்கியது என்று தாய் வேலனை அழைக்கிறாள். களம் அமைத்து ஆட்டை அறுக்கிறார்கள். நோய்க்குக் காரணம் மலைநாடன் ஒருவன்தான் என்பது மகளுக்கும் தெரியும், தோழிக்கும் தெரியும். ஒரே உடம்பைப் பற்றி வீட்டுக்குள் இரண்டு நோயறிதல்கள். பேசுகிறவளுக்கு உண்மை தெரிந்தும் சொல்ல வழியில்லை. பேயா மனமா என்ற கேள்வியை ஐரோப்பிய கோதிக் கதைகள் நமக்குக் கற்றுத்தந்ததாக எழுதுகிறவர்கள் இந்தத் துறையை ஒருமுறை எட்டிப் பார்க்கலாம்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இன்னும் நெருக்கமான சாட்சி உண்டு. ஆண்டாளின் நாச்சியார் திருமொழியைக் கோதிக் என்று வகைப்படுத்த நான் வரவில்லை. அது பக்தி, அதன் இடம் வேறு. ஆனால் கலங்கிய 'நான்' ஒன்று தன்னை எப்படிக் காட்டிக்கொள்கிறது என்று பார்க்க அந்த 143 பாசுரங்களைவிட நல்ல பாடம் தமிழில் குறைவு. கேட்பவர் யார் என்பதை மட்டும் தொடர்ந்து கவனியுங்கள். முதலில் காமதேவன். பிறகு மணலில் வட்டம் இழைத்துப் பார்க்கும் கூடல் குறி. அடுத்துக் குயில். ஒரே ஒரு பதிகத்தில் தோழியிடம் கல்யாணக் கனவைச் சடங்கு சடங்காக அடுக்குகிறாள். உடனே சங்கிடம் போய்விடுகிறாள், அதன் பிறகு மேகங்களிடம். கடைசிப் பதிகங்களை நெருங்கும்போதுதான் வீட்டு மனிதர்கள் பக்கம் திரும்புகிறாள். அதுவும் உங்களுக்கு இது புரியாது, என்னை வடமதுரைப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடுங்கள் என்று சொல்வதற்கு. கேட்பவர் மாறிக்கொண்டே போவது, வீட்டாரின் காது கடைசியில் வருவது, வரும்போதே அதன்மேல் நம்பிக்கை போயிருப்பது: இந்த வரிசையே மனத்தின் நிலையைச் சொல்லிவிடுகிறது. 2018 ஜனவரியில் ராஜபாளையத்தில் ஆண்டாளைப் பற்றி வாசிக்கப்பட்ட ஒரு கட்டுரை கிளப்பிய கொந்தளிப்பை இரண்டு ஊரும் மறந்திருக்காது. அதன் நியாயத்தை இங்கே எடுத்து வைக்கப் போவதில்லை. பாட்டுக்குள் பேசும் குரல் வேறு, அந்தப் பெயரில் நின்ற மனுஷி வேறு என்று பிரித்துப் பேசுவது நமக்கு எவ்வளவு கடினமாக இருக்கிறது என்பதை மட்டும் அப்போது பார்த்தோம்.

உரைநடைக்கு வந்தால் புதுமைப்பித்தனிடம்தான் தொடங்க வேண்டும். அவர் போவைத் தெரிந்தவர்; 'சாராயப் பீப்பாய்' என்ற தலைப்பில் போவின் கதை ஒன்றைத் தமிழாக்கியவர். நண்பனை நிலவறைக்குள் அழைத்துப்போய் உயிரோடு சுவர் வைத்து மூடும் கதை அது. கடைசியில் நண்பனின் அலறலுக்கு எதிரொலியாகக் கத்தும்வரை கதைசொல்லி அதில் குரலை உயர்த்துவதே இல்லை. இருமுகிற நண்பனின் உடம்புக்கு ஈரம் ஆகாதே, திரும்பிவிடலாமே என்று அக்கறையாகக் கேட்டுக்கொண்டே உள்ளே இழுத்துப் போகிறான். ஐம்பது வருஷம் கழித்து இதைச் சொல்கிறான், அதுவும் தன் குணத்தை நன்கு அறிந்த யாரோ ஒருவரிடம். யாரிடம்? ஏன் இப்போது? போ சொல்வதில்லை. மரியாதையே பைத்தியத்தின் அடையாளமாக வரும் இந்த உத்தி, இதயத்துடிப்புக் கதையின் படபடப்பைவிட நூறு மடங்கு நுட்பமானது. வகுப்பறைப் பட்டியலில் இதற்கு இடம் இல்லை.

போவின் இதயத்துடிப்புக்குச் சரியாக நூறு வருஷம் கழித்து, 1943-இல் 'கலைமகள்' இதழில் வந்தது புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'. கதைசொல்லி ஓர் எழுத்தாளர். தூக்கம் பிடிக்காத ஓர் இரவைப் பற்றிய முறையீட்டோடு தொடங்குகிறார். தொடங்கிய கையோடு, பொய் சொல்லிப் பத்திரிகைகளை நம்பிப் பிழைக்கிறவன் தான் என்று சொந்தத் தொழிலையே கிண்டல் செய்துகொள்கிறார். போவின் ஆள் 'நான் சொல்வது உண்மை' என்று சத்தியம் செய்து நம்மை எச்சரிக்கிறான். இவரோ 'என் தொழிலே பொய்' என்று சொல்லி நம்மைச் சாய்ந்து உட்கார வைத்துவிடுகிறார். சிரித்த வாசகன் காவலை விட்டுவிடுகிறான். அப்போதுதான் மூக்கில் அந்த வாடை ஏறுகிறது.

கண்ணையும் காதையும் விட்டு மூக்கை ஏன் பிடித்தார்? பேயைக் கண்ணால் கண்டேன் என்றால் எங்கே என்று அடுத்தவர் கேட்பார். சத்தம் கேட்டது என்றால் எலி என்பார். பிணவாடையும் அடுத்த கணம் வரும் நறுமணமும் எந்தத் தடயத்தையும் விட்டுப்போவதில்லை. பக்கத்தில் இருப்பவர் விழிப்பதற்குள் போய்விடும். தவிர, மோகினி நடமாட்டத்தை மல்லிகை வாசத்தை வைத்துச் சொல்லும் ஊர்களில் வளர்ந்த வாசகனுக்கு, மணம் மாறியதுமே எலும்புக்குள் விஷயம் புரிந்துவிடுகிறது. பகுத்தறிவு இன்னும் புரியவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே.

மறுநாள் வாசலுக்கு வரும் பிச்சைக்காரியை மனைவி வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். பெயர் காஞ்சனை. கதைசொல்லி வந்தவளின் கால் தரையில் பாவுகிறதா என்று பார்க்கிறார். படித்தவர், பத்திரிகைக்காரர், நகைச்சுவை உள்ளவர், ஆனால் பார்ப்பது காலை. அவருடைய உரைநடை கடைசிவரை கிண்டல் தொனியை விடுவதில்லை. அவருடைய கண்கள் மட்டும் பாட்டி கதைக்குள் போய்விட்டன. தொனிக்கும் பார்வைக்கும் விழுந்த இந்த விரிசல்தான் இந்தக் கதையின் முக்கியமான உத்தி என்பேன். இன்னொன்று, அவர் வாயை மூடிக்கொள்வது. மனைவியிடம் சொன்னால் பயப்படுவாள், அல்லது சிரிப்பாள், எனவே சொல்வதில்லை. வீட்டில் பேச்சு சாதாரணமாக நடக்கிறது, வேலைக்காரி கதை சொல்கிறாள், மனைவி ரசிக்கிறாள். உரையாடல்கள் எவ்வளவு சகஜமோ அந்த அளவுக்குக் கதைசொல்லி தனியாகிறார்.

கடைசியில் நடுநிசியில் தெருவோடு வருகிறவரிடமிருந்து திருநீறு கிடைக்கிறது, அது வேலை செய்கிறது. இங்கேதான் போவின் சாவி உடைகிறது. 'இவருக்குத்தான் மனக்கோளாறு' என்று முடிவுகட்டிய வாசகனுக்குத் திருநீறு தொண்டையில் நிற்கும். 'பேய்தான்' என்று முடிவுகட்டியவனுக்கு, இதைச் சொல்பவர் பொய்யைத் தொழிலாக வைத்திருப்பவர் என்பது உறுத்தும். மனைவியோ ஆண்களைப் பற்றி ஒரு சாதாரணக் குத்தலைப் போட்டுவிட்டுப் போகிறாள். அவளுக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரியும் என்று கதைசொல்லிக்கு விளங்கவில்லை. நமக்கும்தான். 'காஞ்சனை'யைப் பற்றி எழுதியவர்களில் பலர் வேலைக்காரி பேயா என்று ஆராய்ந்தார்கள். அந்த வீட்டில் என்னை அதிகம் பயமுறுத்துவது மனைவியின் அமைதி.

மௌனியின் வழி வேறு. 'அழியாச்சுடர்' 1937-இல் மணிக்கொடியில் வந்த கதை. ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே மரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் நண்பனைக் கதைசொல்லி பார்க்கப் போகிறான்; நண்பன் தன் கதையைச் சொல்கிறான். கதைக்குள் கதை என்பதால் கலக்கம் நேராக நம்மேல் விழுவதில்லை, ஒரு காது வழியாக வடிகட்டி வருகிறது. கோயில் பிராகாரத்தில் கல் யாளி பின்காலில் எழுந்து நிற்கும் இடத்தைப் பாருங்கள். அதுவரை 'போல', 'தோன்றியது' என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கைப்பிடி வைத்துச் சொல்லிவந்த வாக்கியங்கள் அங்கே கைப்பிடியை விட்டுவிடுகின்றன. உவமை நிகழ்ச்சியாகிவிடுகிறது. நாயக்கர் காலத்துத் தூண் மண்டபங்களில் அந்தி நேரத்தில் நின்றவர்களுக்கு இது புரியும். விளக்கு அசைந்தால் தூணில் இருப்பவையும் அசையும். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பிள்ளைகள் அதைப் பார்த்தே வளர்கிறார்கள், அவர்கள் யாரும் மௌனி ஆகிவிடுவதில்லை. கல் அசைந்தது என்று வினைமுற்றோடு முடித்து எழுதத் துணிவதில்தான் வித்தியாசம் இருக்கிறது. மௌனியைப் பின்பற்றியவர்கள் மூடுபனியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அதனால்தான் அவர்களுடைய கதைகளில் எல்லாமே 'போல' இருக்கிறது, எதுவும் நடப்பதில்லை.

நேர் எதிர்த் திசையில் அசோகமித்திரனின் 'பிரயாணம்'. மலைப்பாதையில் நோயுற்ற குருவைப் பலகையில் வைத்து இழுத்துக்கொண்டு கீழே இறங்கும் சீடன் தன்மையில் சொல்கிறான். கயிறு, பலகை, தூரம், இருட்டு, குளிர் என்று கணக்குப்பிள்ளை எழுதுவதைப்போல ஒவ்வொன்றாக வருகின்றன. வழியில் குருவின் உயிர் போய்விட்டது என்று சீடன் முடிவு செய்துகொள்கிறான். ஓநாய்கள் வருகின்றன. சண்டை. விடிந்த பிறகு குருவின் கையில், தோளோடு பிய்த்தெடுக்கப்பட்ட ஓநாயின் கால் இருக்கிறது. கதை அங்கே நின்றுவிடுகிறது.

இந்தக் கதையில் போவின் இதயத்துடிப்புக் கதையின் உத்திகளில் ஒன்றுகூட இல்லை. வாக்கியம் உடையவில்லை, வியப்புக்குறி இல்லை, கதைசொல்லி தன்னைப் பற்றிச் சந்தேகம் எதுவும் எழுப்பவில்லை. அவன் சொன்ன ஒரு தகவல் மட்டும் தவறு, அல்லது தவறாக இருக்கலாம். அதைத் திருத்துவது ஒரு பொருள். ஓநாயின் காலைப் பார்த்த வாசகன் பக்கங்களைப் பின்னால் புரட்டுகிறான்: குரு எப்போது இறந்தார்? இறந்துவிட்டார் என்று முடிவு செய்தபோது சீடன் எந்த நிலையில் இருந்தான்? களைப்பா, பயமா, சுமையை இறக்கிவைக்கும் ஆசையா? குரு இறந்த பிறகும் கை வேலை செய்தது என்று யோகத்தின் பக்கம் நின்று வாசிக்கிறவர்களும் உண்டு. கதை அவர்களையும் தடுப்பதில்லை. தமிழில் நிலைகுலைந்த கதைசொல்லிக்கு ஒரே ஒரு கதையைக் காட்டு என்று கேட்டால் 'காஞ்சனை'யைத் தாண்டி இதைத்தான் காட்டுவேன்.

இனி, நோயை உள்ளிருந்தே அறிந்தவர்கள். எம். வி. வெங்கட்ராமின் 'காதுகள்' நாவல்தான், சிறுகதை இல்லை. ஆனாலும் இந்தப் பேச்சில் அதை விட முடியாது. 1993-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. முருக பக்தரான மகாலிங்கத்தின் காதுக்குள் குரல்கள் ஓயாமல் ஆபாசம் பேசுகின்றன, ஏசுகின்றன, நாடகம் நடத்துகின்றன. சொந்த அனுபவம் என்று ஆசிரியரே ஒத்துக்கொண்டதை அவர் ஏன் 'நான்' என்று எழுதவில்லை? கற்பனையில் பைத்தியத்தை உண்டாக்குகிறவனுக்குத் தன்மை ஒரு வேஷம், கதை முடிந்ததும் கழற்றி வைக்கலாம். காதுக்குள் குரல் கேட்டவனுக்கு அந்த 'நான்' ஏற்கெனவே கூட்டமாக இருக்கிறது. ஓரடி தள்ளி நின்று 'அவன்' என்று சொன்னால்தான் எழுத இடம் கிடைக்கும். கோபிகிருஷ்ணனும் இந்த இனத்தவர். உளவியல் படித்தவர், 'ஒவ்வாத உணர்வுகள்' எழுதியவர், மனநோயாளிகளின் பேச்சை 'உள்ளேயிருந்து சில குரல்கள்' நூலில் பதித்தவர். அலுவலக அறிக்கையின் வறட்டு நடையில் அவர் எழுதும்போது சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்த பிறகு எதற்குச் சிரித்தோம் என்று கூச்சமாக இருக்கிறது. பேய் அவருக்குத் தேவைப்படவில்லை. வாடகை வீடும் மேலதிகாரியும் போதும்.

ஒரு எச்சரிக்கையையும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். பேய்க்கும் மனநோய்க்கும் நடுவே கதவைத் திறந்து வைப்பது கதைக்கு நல்லது, வாழ்க்கைக்கு எப்போதும் நல்லதில்லை. 2001 ஆகஸ்ட் 6-இல் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டார்கள். குணமாகும் என்று நம்பிக் குடும்பங்கள் கொண்டுவந்து விட்ட இடம் அது. நம் ஊர்களின் 'பன்மை வைத்திய'த்தைப் பற்றி ரசனையோடு எழுதும்போது அந்த 28 பேரையும் கணக்கில் வைத்துத்தான் எழுத வேண்டும்.

வெகுஜன எழுத்து இந்தக் கதவை வேறுவிதமாகக் கையாண்டது. மதுரையில் வாழ்ந்த இந்திரா சௌந்தர்ராஜனின் கதையை வைத்து 1990-களின் பிற்பகுதியில் சன் டிவியில் வந்த 'விடாது கருப்பு' தொடரை இந்த வட்டாரத்தில் பார்க்காத வீடு குறைவு. பிளவுபட்ட ஆளுமை என்று மருத்துவம் ஒரு விளக்கம் தரும். அதற்காகக் கருப்பசாமியை யாரும் விட்டுக்கொடுத்துவிட மாட்டார்கள். இரண்டு தரப்பும் திருப்தியோடு தொலைக்காட்சியை அணைக்கலாம். புதுமைப்பித்தன் இரண்டு தரப்பையும் அதிருப்தியோடு அனுப்பினார். தீவிர எழுத்துக்கும் வெகுஜன எழுத்துக்கும் இந்த விஷயத்தில் உள்ள தூரம் இவ்வளவுதான். திறமையில் பெரிய தூரம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஜெயமோகனின் 'நிழல்வெளிக் கதைகள்' தெரிந்தே இரண்டுக்கும் நடுவில் நிற்க முயன்ற தொகுப்பு. பக்கத்துக் கோவில்பட்டியின் கோணங்கி பேயைக் கதைக்குள் கொண்டுவருவதில்லை, மொழிக்கே பேய் பிடிக்க வைக்கிறார்: எழுவாய் ஒரு காலத்தில் இருக்கும், பயனிலை இன்னொரு காலத்தில் இறங்கும். ஆரம்பத் தொகுப்பான 'மதினிமார்கள் கதை'யில் இது வட்டார ஈரத்தோடு இருந்தது. பின்னால் வந்தவற்றில் கலங்கியவர் யார் என்று தேட ஆளே இல்லை.

இவ்வளவு பெயர்களையும் அடுக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் ஒன்று உறுத்துகிறது. உரைநடையில் சொல்பவர்கள் எல்லோரும் ஆண்கள். அமெரிக்காவில் ஷார்லட் பெர்க்கின்ஸ் கில்மன் 1892-இலேயே, ஓய்வு என்ற பெயரில் மேல்மாடி அறையில் அடைக்கப்பட்ட மனைவியைச் சுவர்க்காகிதத்தின் வடிவங்களுக்குள் ஒரு பெண்ணைக் காண வைத்து, அதை அவளே நாட்குறிப்பாகச் சொல்லும்படி எழுதிவிட்டார். மருத்துவரான கணவனின் நிதானமான அன்பு அந்தக் கதையில் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் 'காஞ்சனை' தலைகீழாகத் தெரியும். தமிழில் பேய் பிடிப்பது பெண்ணுக்கு, கதை சொல்வது ஆண். வெறியாட்டுப் பாட்டில் பேசிய மகளும், வீட்டார்க்கு இது புரியாது என்று சொன்ன ஆண்டாளும் சிறுகதைக்கு வரும்போது பார்க்கப்படுகிறவர்களாக மாறிவிட்டார்கள்.

இத்தனைக்கும் வடிவம் கண்ணெதிரில் இருக்கிறது. கோடாங்கி உடுக்கையை அடித்து நிறுத்திவிட்டு, முன்னால் தலைவிரித்து உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் கேட்பார்: நீ யாரு? எந்த ஊரு? எதுக்கு இவளைப் பிடிச்ச? அவள் பதில் சொல்வாள், 'நான்' என்றே. அந்த நானுக்கு வேறு பெயர், வேறு ஊர், வேறு சாவு. கிணற்றில் விழுந்ததையோ, கட்டிக்கொடுத்த இடத்தில் பட்டதையோ அந்த இன்னொருத்தி இவள் வாயால் சொல்வாள். சுற்றி நிற்கும் மாமியாரும் புருஷனும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். இவள் தன் பெயரில் ஒருநாளும் சொல்ல முடியாத சிலதும் அந்தப் பேச்சில் கலந்து வரும். எது யாருடையது என்று கேட்பவர்களால் பிரிக்க முடியாது, பிரிக்க விரும்பவும் மாட்டார்கள். கோடாங்கி நடுநடுவே மடக்கிக் கேட்பார், பேரம் பேசுவார், சேலை வேண்டுமா கோழி வேண்டுமா என்று விசாரிப்பார். நம்பகமற்ற கதைசொல்லி, கதைக்குள் கதை, குறுக்கு விசாரணை செய்யும் கேட்பவர், விஷயம் தெரிந்தும் தெரியாததுபோல் நிற்கும் வீட்டார் எல்லாமே அங்கே தயாராக இருக்கின்றன. அந்த இரட்டை 'நானை' வெளியே நின்று வேடிக்கை பார்க்காமல், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அவள் வாய்மொழியாகவே நடத்திச்செல்லும் ஒரு தமிழ்ச் சிறுகதை என் வாசிப்பில் இன்னும் வரவில்லை.